மஞ்சள் கரு வேண்டாம்

மூன்று நொடி மீதம். ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம்.
எய்மந்தஸுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.
ஒன்று விழுந்தால் கூடுதல் நேரம்,
இரண்டும் விழுந்தால் இறுதிச் சுற்று.
முதல் பந்து வளையத்தின் உதட்டில் உட்கார்ந்து
கொஞ்சம் யோசித்துவிட்டு
வெளிப்பக்கம் இறங்கியது.
இரண்டாவது யோசிக்கவே இல்லை.

பதினெட்டுப் புள்ளி முன்னால் இருந்தோம்.
சத்தமாகச் சொல்கிறேன், பதினெட்டு!
இடைவேளையில்
பெயர்கூடத் தெரியாத பக்கத்து இருக்கைக்காரனுக்கு
என் செலவில் பியர் வாங்கிக் கொடுத்தேன்.
அந்தக் காசைத் திருப்பிக் கேட்கலாமா என்று
இன்னும் ஒரு கணக்கு ஓடுகிறது உள்ளே.

நம் பயிற்சியாளர் இருக்கிறாரே, விர்கீனியுஸ்,
இரண்டு டைம் அவுட்டைப் பையில் வைத்துக்கொண்டு
கைகட்டி நின்றார்.
சேர்த்து வைத்தால் வட்டியா தரும் அது?
துறைமுக அணியின் பதினான்காம் எண்
அதே மூலை, அதே கால், அதே எம்பல்,
நான்கு முறை மூன்று புள்ளி.
நான்கு முறையும் அவன் பக்கத்தில் ஒரு ஈ இல்லை.
நாலு தடவை புகுந்த திருடனுக்கு
ஐந்தாம் தடவை
நாமே கதவைத் திறந்துவிட்டு
செருப்பு எடுத்துப் போட்டோம்.

பனெவேஜிஸில் ஜூன் மாதம்
பதினொரு மணிக்கும் வெளிச்சம் போகாது.
தோற்ற முகத்தை ஒளித்துக்கொள்ள
இருட்டுகூடக் கிடைக்காத ஊர்.
ஆற்றோரமாக மஞ்சள் துண்டுகள் நடந்தன,
ஒன்றோடு ஒன்று பேசாமல்.
என் துண்டைக் குப்பைத் தொட்டியில் எறிந்தேன்.
பத்தடி போனேன்.
இருபத்திரண்டு யூரோ.
திரும்பி வந்து எடுத்தேன்,
யாரோ தின்ற மீனின் வாசனையோடு.

ஔஷ்ரா பீட்ரூட் சூப்பைக் குளிரக் குளிர வைத்தாள்.
ஆறுதல் சொல்லவில்லை, அந்த மட்டும் நல்லவள்.
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"நாளைக்குக் காலை ஷிஃப்ட்தானே?"

அப்போதுதான் உறைத்தது.
பேருந்து நிலையத்தை ஒட்டிய விடுதியில்
காலைச் சமையல் என்னுடையது.
வென்றவர்கள் தங்கியிருப்பதும் அங்கேதான்.

ஆறரைக்கு வந்தார்கள்.
நிலைப்படிக்குக் குனிந்து குனிந்து பன்னிரண்டு பேர்.
கருப்பு ரொட்டி தீர்ந்தது, தயிர்க்கட்டி தீர்ந்தது,
பன்றி இறைச்சியை இரண்டாம் முறை வறுத்தேன்.
எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் பட்டது,
வெந்த புண்ணில் வேறு எதைப் பாய்ச்ச.

கடைசியாக வந்தான் பதினான்கு.
கிட்டத்தில் பார்த்தால் சின்னப் பையன்,
மோவாயில் பரு.
"நாலு முட்டை. மஞ்சள் கரு வேண்டாம்."

எங்கள் சட்டையும் மஞ்சள்தான், தம்பி.

உப்பு டப்பா கையில் இருந்தது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கட்டுமே
என்று ஒரு பிடி அள்ளினேன்.
தட்டுக் கழுவும் நெரிங்கா குழாயை மூடினாள்.
"ரொமுவால்தஸ்," என்றாள். அவ்வளவுதான்.
குழாய் மூடியதும் சமையலறையே காத்திருந்தது.

அளவாகத்தான் போட்டேன்.
பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம்,
கெட்டுப்போன முட்டைக்கு
என் பெயர்தான் கெடும்.

விரல் முழுக்கப் பட்டை சுற்றியிருந்ததால்
வெண்ணெய்ப் பொட்டலத்தை அவனால் கிழிக்க முடியவில்லை.
நாலு முறை முயன்றான், நாலு முறையும் வழுக்கியது.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
இதில் ஒரு சந்தோஷம், மறைப்பானேன்.
பிறகு வாங்கிக் கிழித்துக் கொடுத்தேன்.

எட்டு மணிக்கு அவர்கள் பேருந்து கிளம்பியது.
கிண்ணத்தில் நான்கு மஞ்சள் கருக்கள் மீந்து
என்னையே பார்த்தன.
வறுத்து, நின்றபடியே தின்றேன்.
உப்புப் போட மறந்திருந்தேன்.

மதியம் வீட்டுக்குப் போனேன்.
"வேலை எப்படி?" என்றாள் ஔஷ்ரா.
சப்பாத்தைக் கழற்றினேன், ஒன்றை.
"இரண்டு டைம் அவுட் மீதம் இருந்தது," என்றேன்.
"இரண்டு."